ஆட்டுக்குத்தான் நடுகிறோமா?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில் மரக்கன்று நட்டுவருகிறோம். ‘பாலைவனமாதலைத் தடுப்போம்’ என்று அச்சிட்ட பனியன்கூட எங்களிடம் உண்டு. சென்ற உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நட்டவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர், “தம்பிகளா, நீங்கள் நடுவதெல்லாம் என் ஆட்டுக்குத்தான்” என்று சிரிக்கிறார். பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். வேலூரில் பாலைவனம் எங்கே இருக்கிறது, நாங்கள் செய்வது வீண் ஆடம்பரமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ச., காட்பாடி

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்திலேயே பயனுள்ள வரி அந்தப் பெரியவருடையதுதான். அவரைக் கேலிக்காரராக எண்ணாமல் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில் என்று நம் ஊரைப் பழிப்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி 1981-இல் திரும்பிவிட்டது. மலைதான் பாக்கி. இத்தனைக்கும் இங்கே மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஜோத்பூரில் இதில் பாதிகூடக் கிடையாது. பெய்வதைப் பிடித்துவைக்க மலையில் மண் இல்லை. வெட்டி, எரித்து, மேய்த்து மொட்டையான சரிவிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மண் இறங்கி, கீழே ஏரியில் வண்டலாகப் படிகிறது. மேலே பாறை தெரிகிறது, கீழே ஏரி மேடாகிறது. பாலைவனமாதலுக்கு எதிரான 1994-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை பேசுவதும் வறண்ட, ஓரளவு வறண்ட பகுதிகளில் நிலம் இப்படிச் சீரழிவதைத்தான். மணற்குன்று நகர்ந்து வருவதை மட்டும் அல்ல. ஆகவே பனியன் வாசகத்தில் பொய்யில்லை. பிழை இருப்பது செய்முறையில்.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1980-களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் உங்களைப் போலவே கன்று நட்டுக்கொண்டிருந்தார். அவையும் உங்களுடையவை போலவே செத்தன. ஒருநாள், இதுவரை வெறும் புதர் என்று நினைத்திருந்தது, வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளைத்த துளிர் என்பதைக் கண்டுகொண்டார். வயலெங்கும் அப்படிக் கட்டைகள் இருந்தன. வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்தது. துளிர்களில் வலுவான சிலவற்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்து, ஆடும் கோடரியும் அண்டாமல் காத்தால் போதும். விதையும் வேண்டாம், நாற்றுப்பண்ணையும் வேண்டாம். மரம் அரசுக்குச் சொந்தம் என்றிருந்தவரை விவசாயி அதை வெட்டத்தான் பார்த்தான். பலன் தனக்கு என்று ஆனதும் காத்தான். இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் மீண்டன. அவற்றில் பெரும்பகுதி யாரும் நட்டதல்ல.

நம் மலைகளுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். வேம்பும் வெப்பாலையும் வெட்ட வெட்டத் துளிர்ப்பவை. குழி தோண்டுவதற்கு முன் சரிவில் ஏறி எங்கெங்கே கட்டை துளிர்க்கிறது என்று பாருங்கள். அந்தப் பெரியவருக்கு ஒவ்வொன்றும் தெரிந்திருக்கும். தன் ஆடுகள் எதைக் கடிக்கும், எதை முகர்ந்துவிட்டுப் போகும் என்பதும் தெரிந்திருக்கும். ஆடு தொடாத நொச்சியும் ஆடாதொடையும் நல்ல உயிர்வேலி. ஓராண்டுக்கு எந்தச் சரிவை விட்டுவைப்பது, எங்கே மேய்ப்பது என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவருக்கு மேய்ச்சல் வழி இல்லாத திட்டம் எதுவும் அங்கே நிற்காது.

நட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு: ஏரிக்கரை, வேர்கூட மிஞ்சாத அடிவாரம். அங்கே ஜூன் 5 வேண்டாம். அது புகைப்படத்துக்கு நல்ல நாள், வேலூர்க் கன்றுக்குக் கொலைநாள். ஆடி பிறந்து நல்ல மழை ஒன்று பெய்தபின் நட்டால் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கிடைக்கும். செடிக்குக் கீழ்ப்புறம் பிறை வடிவில் மண் அணையுங்கள். சந்தனம் நடும் ஆசை இருந்தால் (நம் பக்கத்தில் யாருக்குத்தான் இல்லை?) தனியாக நடாதீர்கள்; அது பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சி வளர்வது.

நாகநதிப் பகுதியில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் கற்தடுப்புகளும் நீர் செறிவூட்டும் கிணறுகளும் அமைத்ததைப் போய்ப் பாருங்கள். மலைக்கும் அதே வேலைதான் முதலில் தேவை: ஓடுகிற நீரை நடக்க வைப்பது.

இன்னொன்று, தீ. மாசி தொடங்கி மலையில் காய்ந்த புல் எரிகிறது. இரண்டாண்டுத் துளிர் ஒரே இரவில் போய்விடும். அந்த மாதங்களில் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லை அகற்றிய வெற்றுப் பட்டை) வெட்டவும் காவல் இருக்கவும் ஆள் கிடைத்தால், ஆயிரம் கன்றைவிட அது மேல். நின்றுபோன நண்பர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு சரிவுக்கு ஐந்து பேர் போதும், அந்த ஐந்து பேர் சித்திரையிலும் வர வேண்டும்.

காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டி எதைச் செய்வதானாலும் வனச்சரகரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளை கழிப்பதுகூட அங்கே குற்றமாகிவிடும்.