நாய்க்குட்டி பிராண்டி நான்கு நாளாகிவிட்டது, இனி ஊசி போட்டுப் பயன் உண்டா?

கேள்வி: என் 8 வயது மகளை ஒரு தெருநாய்க்குட்டி கணுக்காலில் பிராண்டிவிட்டது. லேசாக ரத்தம் கசிந்தது. அன்றே பக்கத்து கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டோம். நான்கு நாளாகிவிட்டது, குட்டியையும் காணவில்லை. குட்டிக்கெல்லாம் வெறி இருக்காது என்கிறார் மாமியார். தடுப்பூசி நோய் வருமுன் போடுவதுதானே, கடிபட்ட பிறகு போட்டு என்ன பயன்?

பதில்: முதலில் மகளை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மீதியை வழியில் படிக்கலாம்.

டி.டி. ஊசி டெட்டனஸுக்கானது. அது பாக்டீரியாவால் வரும் வேறு நோய். வெறிநாய்க்கடி நோயான ரேபிஸை அந்த ஊசி தடுக்காது. ஊசி போட்டாச்சு என்று பலர் அத்தோடு நிம்மதியாகிவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. குட்டிகளுக்கும் ரேபிஸ் வரும். ரேபிஸ் வைரஸ் எச்சிலில்தான் இருக்கும், நாய் தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பதால் நகத்திலும் எச்சில் படிந்திருக்கலாம்.

உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. பல நோய்களுக்கு, கிருமி உள்ளே போன பிறகு தடுப்பூசி போட்டு அதிகப் பயன் இருக்காது. ரேபிஸில் பயன் இருப்பதற்குக் காரணம் அந்த வைரஸ் போகும் பாதை.

ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருள் இழை ஒன்று, ஐந்து வகைப் புரதங்கள், மேலே ஒரு கொழுப்பு உறை. ரேபிஸ் வைரஸ் மொத்தமே இவ்வளவுதான். தானாகப் பெருக அதற்கு வழியில்லை, ஒரு செல்லுக்குள் புகுந்து அந்தச் செல்லை வைத்தே தன் நகல்களைச் செய்துகொள்ள வேண்டும். உறையில் முள் போல நீட்டியிருக்கும் புரதம், நரம்பும் தசையும் சேரும் இடத்திலுள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது. உடனே செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்புறம் நரம்பிழை வழியாகவே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் பயணம். ரத்தத்தில் பரவாமல் நரம்புக்குள் மறைந்து போவதால் உடலின் எதிர்ப்பாற்றல் அதைச் சரியாகக் கவனிப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் அறிகுறி தெரியும், சிலருக்கு அதற்கு முன்பே. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

தடுப்பூசி போட்டால் 7 முதல் 14 நாளுக்குள் உடல், வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடி) உண்டாக்கிவிடும். வைரஸ் மூளையை எட்டுவதற்குள் இது நடந்துவிட வேண்டும். 1885-இல் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டது கடிபட்ட பிறகுதான். அவன் பிழைத்தான்.

ஆனால் அந்த முதல் சில நாட்களுக்கு யார் காவல்? நாய்க்கடிக் காயங்களை மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிப்பார்கள், ரத்தம் கசிந்த காயம் அதில் மிகக் கடுமையான மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. வெளியில் தயாரான எதிர்ப்புரதம் இது. காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் போடுவார்கள், அங்கேயே வைரஸைப் பிடித்துவிடும். தடுப்பூசியின் முதல் தவணை போட்ட 7 நாளுக்குள் இதைப் போட்டாக வேண்டும் என்பதால், முதல் நாளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

புண் இன்னும் ஆறாமல் இருந்தால் இப்போதும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சோப்பு அந்தக் கொழுப்பு உறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்யும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசியை நினைத்து மாமியார் பயந்தால், அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து என்று சொல்லுங்கள். இன்றைய மருந்து, ஆய்வகச் செல்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸ். அதனால் நோய் வராது. முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கிட்டு, தோலுக்குள் போடுவதானால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில். தசையில் போடுவதானால் 14-ஆம் நாளும் ஒன்று உண்டு. குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஒரே அளவுதான். பத்தியம் எதுவும் கிடையாது.

நாயை 10 நாள் கவனிப்பது என்பது, நாய் கண்முன்னே இருந்து, ஊசியையும் ஆரம்பித்த பிறகு, மீதித் தவணைகள் தேவையா என்று முடிவு செய்வதற்கு. உங்கள் குட்டியைக் காணோம் என்பதால் எல்லாத் தவணையும் போட்டே ஆக வேண்டும். ஊசி போட்ட சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் மறுபடி கடிபட்டால் அந்தச் சீட்டைக் காட்டி, 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு தவணை போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.