தரங்கம்பாடியின் பழைய வரைபடங்களும் கடிதங்களும்: கேள்வி பதில்

ஐயா, டேனியர் தரங்கம்பாடிக்கு வந்ததற்குத் தமிழில் எழுத்துச் சான்று உண்டா? (கல்லூரி மாணவி, மயிலாடுதுறை)

உண்டு, பொன்னிலேயே உண்டு. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர், டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னேட்டில் தமிழ்க் கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில், டேனிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைப் பழைய வரைபடத்தை வைத்துச் சொல்ல முடியுமா? (பொறியாளர், காரைக்கால்)

ஓரளவு முடியும். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. முன்பகுதி கடலோடு போய்விட்டது. 1733இல் திரெல்லுண்ட் என்பவர் வரைந்த தரங்கம்பாடி நகரப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றும் இன்றும் இடம் மாறாத கட்டடங்களைத் தேடுங்கள்: டேனியக் கோட்டை, 1701இன் சீயோன் ஆலயம், 1718இன் புதிய எருசலேம் ஆலயம். இவற்றுக்கு இடையேயான தொலைவை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் பழைய படத்தின் அளவு விகிதம் பிடிபடும். பிறகுதான் கரையை அளக்க வேண்டும். டேனிய முழமான 'அலன்' சுமார் 63 செ.மீ.; நம் முழமென்று எண்ணிக் கணக்குப் போட்டால் எல்லாம் பிசகும். இன்னொன்று: மதிலை அளந்து வரைந்தவர் கரையையும் அதே கவனத்தோடு அளந்தார் என்று நம்பிவிடாதீர்கள். அலை வந்து தொடும் கோடு பருவத்துக்குப் பருவம் நகரும். ஆகவே ஒரே எண்ணைச் சொல்லாமல், இத்தனை முதல் இத்தனை மீட்டர் வரை என்று சொல்வதே நேர்மை.

நான் பார்த்த பழைய படத்தில் எங்கள் மீனவர் குடியிருப்பே இல்லை. அப்போது நாங்கள் அங்கே இல்லையா? (தரங்கம்பாடி வாசகர்)

இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கோட்டைக்காரர்களுக்கு மதிலும் வாசலும் பண்டசாலையும்தான் வேண்டியிருந்தன. குடிசையை வரையச் சொல்லி யாரும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. படம் மௌனமாக இருக்கும் இடத்தில் கடிதத்தைக் கேளுங்கள். 1706இல் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவும் உடனிருந்த பாதிரியார்களும் இந்தப் பகுதித் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார்கள். 1712 முதல் 1714 வரை வந்த அந்தப் பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில், ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயின. வழிபாடு, வழக்கம், அன்றாட வாழ்க்கை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. தமிழ் மூலங்கள் மட்டும் கிடைக்கவில்லை. நம் முன்னோர் எழுதிய சொற்களை ஜெர்மன் வழியாகவே கேட்க வேண்டியிருப்பது எனக்குத் தீராத வருத்தம். படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கேள்வி கேட்டவர்கள் பாதிரியார்கள். பதில் எழுதிய தமிழர்கள், தங்களிடம் கேட்காததைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆவணங்களை எங்கே தேடுவது? (ஆய்வாளர், சென்னை)

மிஷன் கடிதங்களுக்கு ஹாலேயின் பிராங்கே நிறுவனக் காப்பகம்; டேனிய அரசுத் தாள்களுக்குக் கோபன்ஹேகன். 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பிறகான காலத்துக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள்.

தாத்தா காலத்துக் கடிதக் கட்டு வீட்டில் இருக்கிறது. லேமினேட் செய்யலாமா? (இல்லத்தரசி, பொறையார்)

தயவுசெய்து வேண்டாம் அம்மா. சூடும் பிளாஸ்டிக் பசையும் தாளோடு ஒட்டிவிட்டால் பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் கூடாது. கட்டில் இருக்கும் வரிசையைக் குலைக்காமல் இருபுறமும் படமெடுத்து, அமிலமற்ற தாளுறையில் போட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். கடித உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். உள்ளே தேதி எழுதாத கடிதத்துக்கும் அஞ்சல் முத்திரை தேதி சொல்லும்.