கொம்பைத் தேடி ஒற்றைக்கொம்பில் தடுக்கியது

அன்பின் ஐயா,

வணக்கம். நான் மட்டக்களப்பிலுள்ள ஒரு கல்லூரியில் இறுதியாண்டில் பயில்கிறேன். எமது நூலகத்தில் இவ்வாண்டு பல புதிய சேவைகளை ஆரம்பித்திருக்கிறார்கள். அட்டைப் பெட்டிகளை அகற்றிவிட்டு, கோஹா என்ற மென்பொருளில் இணையவழிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளங்களுக்கு இணைப்பு எடுத்திருக்கிறார்கள். முன்னைய மாணவர்களின் ஆய்வேடுகளை மின்வடிவில் தருவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். எனது ஆய்வேடு, கண்ணகி வழிபாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என்று இரு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைப் பூட்டி இழுக்கும் கொம்புமுறி பற்றியது. அச்சொல்லைப் பட்டியலில் தேடியபோது ஒரு பதிவும் வரவில்லை. இரவல் பகுதியில் இருக்கும் ஐயாவிடம் சொன்னேன். அவர் கணினியைப் பார்க்கவேயில்லை. எழுந்துபோய், உசாத்துணைப் பகுதியின் பின் இறாக்கையிலிருந்து இரண்டு ஆய்வேடுகளைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அப்படியானால் இவ்வளவு செலவும் எதற்கு? அந்தப் பணத்துக்குப் புத்தகங்களே வாங்கியிருக்கலாமே?

ச., களுவாஞ்சிகுடி

அன்பின் மகளுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. கோஹாவுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. நியூசிலாந்தின் சிறிய நூலகம் ஒன்றின் தேவைக்காக எழுதப்பட்டு, 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த அந்த மென்பொருளின் பெயருக்கு மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். நிறுவுவதற்கும் பராமரிப்பதற்கும் செலவு உண்டுதான். ஆயினும் அதை மிச்சம் பிடித்து ஓர் அலுமாரியை நிரப்பிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. குறை, அந்த அன்பளிப்புக்குள் நாம் தமிழை எப்படி இட்டோம் என்பதில் இருக்கிறது.

நீங்கள் தேடிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் அதைக் கொம்புமுறி என்று சேர்த்து எழுதுவார்; இன்னொருவர் இடைவெளி விட்டுக் கொம்பு முறி என்பார்; வேறொருவர் கொம்புமுறித்தல் என்றோ கொம்பு விளையாட்டு என்றோ எழுதுவார். ஆய்வேட்டின் தலைப்பு கண்ணகி வழிபாட்டுச் சடங்குகள் என்று பொதுவாக அமைந்துவிட்டால், உள்ளே ஓர் இயல் முழுவதும் வடசேரியும் தென்சேரியும் கொம்பு பூட்டி இழுத்தாலும் பட்டியலுக்கு அது தெரியப்போவதில்லை. இரவல் பகுதி ஐயாவுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஆய்வேட்டை எழுதிய பிள்ளைக்கும் அவர்தான் புத்தகம் எடுத்துக் கொடுத்திருப்பார்.

இன்னொரு தடங்கல் கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில், ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒரே உருவந்தான். உள்ளே எண்கள் வேறு. இரண்டையும் சமமாகக் கொள்ளவேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. தேடும் பொறியில் அந்தச் சமப்படுத்தலைச் செய்து வைக்காவிட்டால், ஒருவர் பதிந்த கொம்பு மற்றவர் தேடும் கொம்பாக இருக்காது. கொம்பைத் தேடப்போய் ஒற்றைக்கொம்பில் தடுக்கி விழுவதென்பது இதுதான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சேதத்தைச் செய்தது பாமினி. நம் நாட்டில் நீண்ட காலம் தமிழை அந்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். அதில் தமிழ் என்ற சொல், கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். மேலே தமிழ் முகமூடி, அவ்வளவே. பழைய நூற்பட்டியல்களை மாற்றாமல் அப்படியே புதிய மென்பொருளில் ஏற்றினால், முகமூடி கழன்று வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை மிஞ்சும். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பின் வரி வரியாகச் சரிபார்க்க ஓர் ஆள் உட்காரவேண்டும். திறப்பு விழாக்களில் அந்த ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நூலகத்தின் பட்டியல் கணினியில் காரைதீவு தந்த அடிகளாரைத் தேடினேன். னகரம் போட்டு விபுலானந்தர் என்று தட்டியபோது சில நூல்கள் வந்தன; நகரம் போட்டு விபுலாநந்தர் என்று தட்டியபோது வேறு சில வந்தன; ஆங்கில எழுத்தில் தட்டியபோது, 1947 இல் வெளிவந்த யாழ் நூல் அங்கே தனியாக நின்றது. ஒரே மனிதர் மூன்று ஆளாகியிருந்தார். அதே மண்டபத்தின் மூலையில் பழைய அட்டைப் பெட்டி இன்னும் இருந்தது. இழுப்பறையைத் திறந்தேன். பித்தளைக் கம்பியில் கோத்த, ஓரம் மங்கிய அட்டைகளுக்கு நடுவே, நீல மையில் கையால் எழுதிய ஓர் அட்டை: மயில்வாகனம், சா. — பார்க்க: விபுலாநந்தர், சுவாமி. துறவுக்கு முந்திய பெயரைத் தேடி வருபவரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று யாரோ ஒரு நூலகர் நினைத்திருக்கிறார். கோஹாவிலும் இதற்கு இடம் உண்டு. ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரே பதிவின் கீழ்க் கட்டிவைக்கலாம், பொருட்சொற்களுக்கும் அப்படியே. உங்கள் நூலகம் பெட்டிகளை அகற்றியபோது இந்தப் 'பார்க்க' அட்டைகள் எங்கே போயின என்பதை நான் முதலில் கேட்பேன்.

வாசகரின் நேரத்தைச் சேமி என்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அவரும் நமது அடிகளாரும் ஒரே 1892 இல் பிறந்தவர்கள். 1931 இல்தான் அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். இது கடிதத்துக்குத் தேவையில்லாத செய்தி. என்றாலும் விட மனம் வரவில்லை.

ஆய்விதழ்த் தரவுத்தளங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விஞ்ஞானமும் விவசாயமும் முகாமைத்துவமும் படிப்பவர்களுக்கு அவை இன்றியமையாதவை. கொம்புமுறிக்கு அவற்றில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவற்றுட் பல, வளாகத்தின் இணைய முகவரியைப் பார்த்தே கதவு திறப்பவை. களுவாஞ்சிகுடி வீட்டிலிருந்து நுழைவதற்குத் தனிக் கணக்கு வேண்டும். நூலகத்தில் கேட்டால் அது உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

புதிய சேவைகளுள் நான் பெரிதாக மதிப்பது ஆய்வேடுகளை மின்வடிவாக்கும் வேலையைத்தான். வெளிநாட்டு இதழைப் பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம். உங்களுக்கு முன் படித்த ஒரு மாணவி தன் ஊர்க் கோயிலில் ஒரு கிழவரின் பக்கத்தில் இருந்து எழுதியெடுத்த, கண்ணகி அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாடல் உலகில் அந்த ஒரு பிரதியில் மட்டுமே இருக்கக்கூடும். அந்தப் பிரதியோ மாரிகாலத்து ஈரத்தில் இறாக்கையின் அடித்தட்டில் நிற்கிறது. ஆனால் பக்கத்தைப் படம் பிடித்து வைப்பதோடு வேலை முடிந்துவிடாது. படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேட முடியாது. அச்செழுத்தைப் படித்துத் தரும் செயலிகள் இன்றைய தமிழை நன்றாகவே படிக்கின்றன. ணை, லை, னை ஆகியவற்றைத் துதிக்கைபோல் வளைத்து எழுதிய பழைய அச்சில் அவை தடுமாறும். தமிழ்நாட்டில் 1978 இன் எழுத்துச் சீர்திருத்தத்தோடு அவ்வடிவங்கள் மாறத் தொடங்கின. இங்கே அதற்குப் பின்னரும் சில காலம் நீடித்தன. ஆகவே இங்கும் ஓர் ஆள் வேண்டும்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. தேடும்போது கொம்பு என்று மட்டும் தட்டிப் பாருங்கள். பிறகு கண்ணகி, வழக்குரை, வடசேரி என்று சுற்றிச் சுற்றித் தேடுங்கள். பிரதேச மலர்களும் சிற்றிதழ்களும் பழைய நூல்களும் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அதையும் பாருங்கள். நேரம் வாய்த்தால், இரவல் பகுதி ஐயாவுடன் ஒரு பிற்பகல் இருந்து, எந்த ஆய்வேட்டுக்குள் எந்த ஊர், எந்தச் சடங்கு, எந்தப் பாடல் இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல ஒருங்குறியில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். அவர் எந்த ஆண்டு ஓய்வுபெறுகிறார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

உங்கள் ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது, அச்சுப் பிரதியோடு ஒருங்குறிக் கோப்பையும் கொடுத்து, கொம்புமுறியின் நான்கு வடிவங்களையும் குறிச்சொற்களாக முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பதிந்த பிறகு வேறொருவரின் கைப்பேசியில் அதைத் தேடிப் பார்த்து, என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.