கரகரப்புக்கு யார் காரணம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றைப் பழைய மோடத்தின் அடாப்டரில் ஓட்டுகிறேன். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மெல்லிய கீச்சொலி விடாமல் கூடவே வருகிறது. என் அப்பாவின் புலம்பல் வேறு. இரவில் ரேடியோவில் இலங்கை நிலையம் கேட்பார். நான் அடாப்டரைப் போட்டதும் நிலையம் இரைச்சலில் முழுகிவிடுகிறது. ‘ஆடியோவுக்கென்றே செய்தது’ என்று கடையில் ஓர் அடாப்டருக்கு 4,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பணத்தைப் பையிலேயே வையுங்கள். அடாப்டர்தான் குற்றவாளி என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையே!

உங்கள் ஊரில் இதைச் சோதிப்பது சுலபம். வள்ளத்தில் ஜிபிஎஸ்ஸுக்கும் விளக்குக்கும் 12 வோல்ட் பேட்டரி வைத்திருப்பார்கள். ஒரு மாலை நேரம் இரவல் வாங்குங்கள். பிளஸ் கம்பியில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டு, பிளஸ் மைனஸ் மாறாமல் போர்டில் கொடுங்கள். முழு சார்ஜில் பேட்டரி 12.7 வோல்ட் வரை காட்டும். போர்டு அதைத் தாங்குமா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடும்போது பேட்டரியைச் சார்ஜரில் மாட்ட வேண்டாம், 14 வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும்.

இப்போது கீச்சொலியும் போய், அப்பாவின் ரேடியோவும் தெளிந்தால் அடாப்டர்தான் திருடன். இந்த வகை அடாப்டர் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் வோல்ட்டேஜைக் குறைக்கிறது. அந்த வெட்டு வேகத்தின் மடங்குகள் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ரேடியோவின் மத்திய அலையில் போய் விழுகின்றன. மலிவான அடாப்டரில் அதைத் தடுக்கும் சுருளையும் கண்டென்சரையும் மிச்சம் பிடித்திருப்பார்கள். விலை கூடியதில் அவை இருக்கின்றனவா என்பது மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால் தெரியாது.

பேட்டரியிலும் ரேடியோ இரைந்தால்? அப்போது போர்டையே சந்தேகப்படுங்கள். ‘கிளாஸ் டி’ போர்டு என்றால் அதுவும் இதே வெட்டு வேலையைத்தான் செய்கிறது. எந்தப் பவர் சப்ளை வாங்கினாலும் அந்த இரைச்சல் தீராது. ஸ்பீக்கர் கம்பியைச் சுருக்கி, போர்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, ரேடியோவை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். ரேடியோவைக் கொஞ்சம் திருப்பியும் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி தன் நுனி காட்டும் திசையிலிருந்து வருவதை அவ்வளவாக வாங்காது. வீட்டு மெயினையே நிறுத்திய பிறகும், பேட்டரி செல்லில் ஓடும் ரேடியோ இரைந்தால் சண்டை உங்கள் வீட்டில் இல்லை. கடலோரக் கம்பங்களில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் மேல் உப்புப் படிந்து, பனி இறங்கியதும் பொறி விடும். மின்வாரியத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.

அடாப்டர்தான் காரணம் என்று உறுதியானால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பவர் சப்ளையைச் செய்துகொள்ளுங்கள். இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 12 வோல்ட் வேண்டும் என்பதற்காக 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கேட்பார்கள். ஏசியை டிசியாக மாற்றும் டையோடு பிரிட்ஜுக்குப் பின் அதன் உச்சம் 15.5 வோல்ட். 1 ஆம்பியர் இழுத்தால், 4,700 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் அது நொடிக்கு 100 தடவை இரண்டு வோல்ட்வரை இறங்கி ஏறும். மிஞ்சுவது 13.5. வோல்ட்டேஜை 12-இல் நிறுத்தும் 7812 ரெகுலேட்டருக்கோ தன் 12-க்கு மேல் இரண்டு, இரண்டரை வோல்ட் கையிருப்பு வேண்டும். சாயங்காலம் வீட்டு லைன் 200 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம், ஸ்பீக்கர் உறுமத் தொடங்கிவிடும். ஆகவே 15 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் கேளுங்கள். 200 வோல்ட்டிலும் அது சமாளிக்கும். கண்டென்சர் 25 வோல்ட் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் 35 வோல்ட்டே வாங்குங்கள். நள்ளிரவில் லைன் 250 வரை ஏறினால் உள்ளே 23-ஐ எட்டும். ரெகுலேட்டர் ஆறேழு வாட் சூட்டைக் கக்கும் என்பதால் நல்ல அகலமான அலுமினிய ஹீட்சிங்க் அவசியம். 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் போர்டு என்றால் 7812-ஐ விட்டுவிட்டு, கூடுதல் ஆம்பியர் தாங்கும் எல்எம்338 ரெகுலேட்டர் போடச் சொல்லுங்கள். 230 வோல்ட் பக்கத்து வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஃபியூஸும் உலோகப் பெட்டிக்கு எர்த்தும் இல்லாமல் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: தேவிபட்டினத்தில் என் ஆம்ப்ளிஃபயரை டிவியோடும் டிடிஎச் பெட்டியோடும் இணைத்த நாள் முதல் ‘உம்ம்’ என்று உறுமல். எலெக்ட்ரீஷியன் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிட்டார், உறுமல் நின்றுவிட்டது. அப்படியே விடலாமா?

பதில்: விடக் கூடாது. இன்றைக்கே மாட்டுங்கள் அம்மா, மறுபடி பாட்டுக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு கசிவு வந்தால் அந்த உலோகப் பெட்டியில் 230 வோல்ட் நிற்கும். ஈரக் கையோடு குழந்தை தொட்டால் என்ன ஆகும்?

அந்த உறுமல் பவர் சப்ளையின் குறையே அல்ல. சுவரில் ஓர் எர்த், மாடியில் டிஷ் வழியாக இன்னோர் எர்த். இரண்டுக்கும் நடுவே ஓடும் சிறு மின்னோட்டம் உங்கள் ஆடியோ கம்பி வழியாகப் போகிறது. டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் இதுதான். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து ஓட்டுங்கள். தீராவிட்டால் டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆப்டிக்கல் கம்பியோ ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ போடலாம்.

அப்படியே எர்த் குழியையும் பார்த்துவிடுங்கள். நம் கரையில் மண் ஈரமும் உப்புமாக இருப்பதால் மின்சாரம் நன்றாகவே இறங்கும். அதே உப்புதான் இரும்புக் குழாயையும் கிளாம்ப்பையும் தின்கிறது. குழாய் மேலே பளபளப்பாக நிற்கும், கீழே ஒரு முழம் தோண்டினால் கிளாம்ப் செதில் செதிலாக உதிர்ந்து கையோடு வரும். மெயின் போர்டில், கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கீழக்கரை. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் கிர்ரென்று அதிர்கிறது. ஸ்டெபிலைசர் வைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உங்களுடையது மின் அலையைச் சதுரமாகத் தரும் ‘ஸ்கொயர் வேவ்’ இன்வெர்ட்டராக இருக்கும். ஸ்டெபிலைசர் வோல்ட்டேஜைத்தான் சரிசெய்யும், அலையின் வடிவத்தை அல்ல. லைன் மின்சாரம் போலவே வளைந்த அலை தரும் ‘பியூர் சைன் வேவ்’ இன்வெர்ட்டருக்கு மாறினால் அந்த அதிர்வு அடங்கும். அதுவரை கரண்ட் இல்லாத நேரத்தில் ஆம்ப்ளிஃபயருக்கும் ஓய்வு கொடுங்கள். லைன் வோல்ட்டேஜை ஒரு வாரம் காலை, மாலை, இரவு மல்டிமீட்டரில் பாருங்கள். 200-க்கும் 240-க்கும் நடுவே நின்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசரே தேவையில்லை. அதற்குக் கீழே அடிக்கடி இறங்கினால், மோட்டார் வைத்துச் சீராகச் சரிசெய்யும் சர்வோ வகை வாங்குங்கள். ரிலே வகை ஒவ்வொரு படி மாறும்போதும் ‘டிக்’ என்று ஸ்பீக்கரில் குரல் கொடுக்கும்.

கேள்வி: தொண்டியில் ஒரு நண்பர், பத்தாயிரம் ரூபாய் பவர் கார்டு மாட்டியதும் பாட்டின் நிறமே மாறிவிட்டது என்கிறார். உண்மையா?

பதில்: கம்பத்திலிருந்து அத்தனை தூரம் சாதாரணக் கம்பியில் வந்த மின்சாரம், கடைசி ஒன்றரை மீட்டரில் ஞானஸ்நானம் பெறுவதில்லை. நண்பரிடம் வாதாட வேண்டாம், பணம் கொடுத்தவருக்குக் காது அப்படித்தான் கேட்கும். உங்கள் வீட்டு சாக்கெட்டை மட்டும், மெயினை நிறுத்திவிட்டு, கழற்றிப் பாருங்கள். பித்தளைக் கவ்வியில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிக்கொண்டு உட்காராமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.