கட்டுப்பாடுகளைக் கலைத்துக் கலைத்துக் கட்ட வேண்டாம்

கேள்வி: என் ஐஃபோன் செயலியில் படமுள்ள செய்திகளும் படமில்லாத செய்திகளும் ஒரே பட்டியலில் வருகின்றன. ஒவ்வொரு செல்லும் (பட்டியலின் ஒரு வரிசை) வேறு செய்தியைக் காட்ட மறுபயன்பாட்டுக்கு வரும்போது, இடத்தையும் அளவையும் நிர்ணயிக்கும் பழைய கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டுப் புதியவற்றைச் சேர்க்கிறேன். வேகமாக உருட்டினால் திரை திக்குகிறது. அந்தக் கட்டுப்பாடுகளைக் கொண்டு இடங்களைத் தானே கணக்கிடும் ஆப்பிளின் ஆட்டோ லேஅவுட்டைக் கைவிட்டு, இடங்களை நானே கணக்கிட்டுவிடலாமா?

பதில்: ஆட்டோ லேஅவுட்டைக் கைவிட வேண்டாம், நீக்கிச் சேர்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆட்டோ லேஅவுட்டின் அடித்தளமான கஸோவரி, ஆலன் போர்னிங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990களின் பிற்பகுதியில் வடிவமைத்த தீர்வுமுறை. நேரியல் சமன்பாடுகளுக்கும் சமனிலிகளுக்கும் உட்பட்டுச் சிறந்த விடையைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையையே அது பயன்படுத்துகிறது என்றாலும், ஒருமுறை கண்ட தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு, மாறிய பகுதியை மட்டும் சரிசெய்வதில்தான் அதன் வேகம் இருக்கிறது. நீங்களோ அந்தக் கைமுதலை ஒவ்வொரு செல்லுக்கும் தூக்கி எறிந்துவிட்டு, பெரும்பாலும் பழைய விடையையே மறுபடி கணக்கிட வைக்கிறீர்கள். திரை நொடிக்கு 60 சட்டகங்களை (தனித்தனிக் காட்சிகளை) வரைய வேண்டும் என்றால், ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடிதான்.

உங்கள் நிலைக்கு மிக எளிய வழி, இரண்டு வகைச் செல்களுக்கும் தனித்தனி மறுபயன்பாட்டு அடையாளம் (செல்லின் வகையைக் குறிக்கும் பெயர்) கொடுத்துவிடுவது. அப்போது எந்தச் செல்லிலும் கட்டுப்பாடு மாற வேண்டிய தேவையே எழாது. ஒரே செல்தான் வேண்டுமென்றால், படத்தின் உயரக் கட்டுப்பாட்டைத் தொடக்கத்திலேயே ஒருமுறை உருவாக்கி வைத்து, அதன் மாறிலியை (உயரத்தைக் குறிக்கும் எண்ணை) மட்டும், எடுத்துக்காட்டாக, படம் இருந்தால் 180 என்றோ இல்லாவிட்டால் 0 என்றோ மாற்றுங்கள். படத்துக்கும் தலைப்புக்கும் நடுவே, சொல்லப்போனால், 12 புள்ளி (திரை அளவின் அலகு) இடைவெளி இருந்தால் அதையும் கூடவே 0 ஆக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிட்டு, தலைப்புக்கு மேல் ஏன் வெற்றிடம் நிற்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். படமுள்ள செல்லின் அமைப்பே வேறாக இருந்தால் இரண்டுக்குமான கட்டுப்பாட்டுத் தொகுதிகளையும் முன்கூட்டியே உருவாக்கி, செல்லின் நிலை உண்மையில் மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே, பழையதை முதலில் செயலிழக்கச் செய்து புதியதை இயக்குங்கள். வரிசை தலைகீழானால் இரண்டும் ஒரு கணம் முரண்படும்; அந்த முரணைக் கண்டறிந்து பதிவிடவும் நேரம் செலவாகும்.

'குறைந்தபட்சம் இவ்வளவு' போன்ற சமனிலிகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தீர்வியின் (கட்டுப்பாடுகளைத் தீர்க்கும் கஸோவரியின்) கணக்கில் கூடுதலாக ஒரு மாறி சேருகிறது, அவ்வளவே. ஆனால், 'முடிந்தால் இப்படி' என்று மட்டும் சொல்லும் கட்டாயமல்லாத முன்னுரிமைகளைக் கண்டபடி தூவாதீர்கள், ஏனெனில் அவை ஒவ்வொன்றின் பிழையையும் (விரும்பிய அளவிலிருந்து விலகுவதை) குறைக்கத் தீர்வி தனியே பாடுபட வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் திக்கினால் செயலியின் நேரச் செலவை அளக்கும் ஆப்பிளின் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவியில், பழைய கைபேசி ஒன்றை இணைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் அகப்படுவது தீர்வியாக இருக்காது. நீண்ட உரைகளின் உயரத்தை அளக்கும் வேலையாகவே இருக்கும்.