ஆம்ப்ளிஃபையருக்கு விலை உயர்ந்த பவர் கார்டு தேவையா? ஹம் போக எர்த் பின்னை எடுத்துவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். ஆம்ப்புடன் வந்த கார்டு மெல்லியதாக இருக்கிறது, 12,000 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினால் ஒலி மேம்படுமா என்பது ஒன்று. ஸ்பீக்கரில் விடாமல் ஹம் என்ற ரீங்காரம் வருகிறது, எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார், செய்யலாமா என்பது இன்னொன்று.

முதலாவதற்கு என் பதில், வேண்டாம். இரண்டாவதற்கு, வேண்டவே வேண்டாம். அந்த இரண்டாவது வேலையை நானே செய்து பார்த்தவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது வாடகை வீட்டில் இருந்தோம். ஹாலில் ஒரு சுவரோரம் ஆம்ப், எதிர்ச் சுவரோரம் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே, பாட்டைக் கொண்டுபோகும் நீளமான ஆர்சிஏ வயர். பாட்டு ஓடும்போது ஒன்றும் தெரியாது, நின்றதும் ‘ம்ம்ம்ம்’ என்று கேட்கும். வயரை மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் சின்ன அடாப்டர் ஒன்றை வாங்கி ஆம்ப்பை அதில் செருகினேன். ஹம் சட்டென்று நின்றுவிட்டது. அன்றைக்கு நான்தான் பெரிய இன்ஜினியர்.

ஐந்தாறு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் கம்ப்யூட்டரைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்திருந்தேன். அம்மா வெறுங்காலுடன் தரை துடைத்துக்கொண்டே வந்தவர், அதே ஈரத்துணியோடு ஆம்ப்பின் மேல்மூடியில் கை வைத்தார். “டேய், இதுல சுர்ருங்குதுடா” என்றார். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். அடாப்டரைப் பார்த்துவிட்டு, “எர்த்தை எடுத்தது யாரு தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். இதுபோன்ற பல கருவிகளில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய கெபாசிட்டர்களை உலோக உடம்போடு இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே இறங்கிவிடும். இல்லாவிட்டால் உடம்பு 230 வோல்ட்டில் பாதியளவில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகும். ஆனால் உள்ளே ஏதாவது ஒரு வயரின் இன்சுலேஷன் போய் ஃபேஸ் நேராக மூடியைத் தொட்டிருந்தால் கதை வேறு.

அதற்கு முந்தைய மாதங்களில் ஏன் சுர்ரென்று அடிக்கவில்லை? ஆம்ப்பின் உடம்பு ஆர்சிஏ வயரின் வெளிவலை வழியாகக் கம்ப்யூட்டரின் எர்த்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் போனதும் அந்த வழியும் போனது. அந்த மாதங்களில் ஃபேஸ் மூடியைத் தொட்டிருந்தால் அவ்வளவு கரண்டும் அந்த நூல் மாதிரி வலையில்தான் ஓடியிருக்கும். யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, ஹம் ஏன் வந்தது? இரண்டு கருவிகளும் வெவ்வேறு சுவிட்ச் போர்டுகளில் எர்த் ஆகியிருந்தன. அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே எப்போதும் துளி வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். ஆர்சிஏ வயரைப் போட்டதும் ஒரு வளையம் மூடிக்கொள்கிறது, அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஆம்ப் பாட்டோடு சேர்த்துப் பெருக்கிவிடுகிறது. ஆக, எர்த் குற்றவாளி இல்லை, வளையம்தான். கம்ப்யூட்டரையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியதும் முக்கால்வாசி ஹம் குறைந்தது. மிச்சத்துக்கு ஆர்சிஏ வயரின் நடுவே போடும், பாட்டை மட்டும் கடத்தி வளையத்தை அறுக்கும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதுமாயிருந்தது. சில நூறு ரூபாய்தான்.

உங்கள் வீட்டிலும் வளையம்தானா என்று கண்டுபிடிப்பது சுலபம். லேப்டாப்பிலிருந்து பாட்டு என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். கேபிள் டிவி செட்டாப் பாக்ஸ் ஆம்ப்போடு இணைந்திருந்தால் வெளியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அதுதான் திருடன். ரெக்கார்ட் பிளேயர் வைத்திருந்தால் அதிலிருந்து வரும் மெல்லிய தனி வயரை ஆம்ப்பின் ‘கிரவுண்ட்’ திருகில் மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது வேறு கிரவுண்ட், சுவர் எர்த்துக்குப் பதில் ஆகாது.

இவ்வளவு எர்த் எர்த் என்கிறேனே, உங்கள் போர்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா? பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. அதைவிட மோசம், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் முனைக்கு இழுத்துவிட்டிருப்பார்கள். அப்புறம் எங்காவது நியூட்ரல் அறுந்தால், ஆன் செய்திருக்கும் எந்தக் கருவி வழியாகவும் 230 வோல்ட் ஆம்ப்பின் மூடிக்கு வந்துவிடும். டெஸ்டர் இதையெல்லாம் சொல்லாது. டிஜிட்டல் மீட்டரும் வெறும் ஓட்டையில் ஏதோ ஒரு வோல்டேஜைக் காட்டி ஏமாற்றும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக எரிய வேண்டும், அல்லது கரண்டு எர்த்துக்குக் கசிந்தால் தானே விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருந்தால் அது உடனே விழ வேண்டும். நியூட்ரலை எர்த்தாக்கியிருந்தாலும் பல்பு எரியும் என்பதால் போர்டைத் திறந்தும் பார்த்துவிடச் சொல்லுங்கள். நீங்களாக இறங்காதீர்கள்.

இனி கார்டு. 0.75 ஸ்கொயர் எம்எம் செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.026 ஓம் ரெசிஸ்டன்ஸ். ஒன்றரை மீட்டர் கார்டு என்றால் போக வர 3 மீட்டர், 0.078 ஓம். உங்கள் ஆம்ப் முழு மூச்சில் 2 ஆம்பியர் இழுத்தாலும் கார்டில் விழுவது 0.16 வோல்ட். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டாலே இதைவிட அதிகமாக வோல்டேஜ் ஆடும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சுவருக்குள் ஓடும் சாதாரண வயர் வரை அத்தனையும் தாண்டி வந்த கரண்டு, கடைசி ஒன்றரை மீட்டரில் மட்டும் ஞானம் பெற்றுவிடுமா என்ன?

அந்த விலைக்கு விற்கும் கார்டுகளில் இன்னொரு சிக்கல். பலவற்றின் முனையில் அமெரிக்க அல்லது ஐரோப்பிய பிளக் இருக்கும். நம் யுனிவர்சல் சாக்கெட்டில் ஐரோப்பிய பிளக் உள்ளே போய்விடும், ஆனால் அதன் எர்த் பக்கவாட்டில் இருப்பதால் எதையும் தொடாது. காசைக் கொட்டி எர்த்தை இழந்த கதையாகிவிடும்.

நான் பார்ப்பது இவ்வளவுதான்: ஐஎஸ்ஐ முத்திரை, மூன்று கோர் (உள்ளே மூன்று தனி வயர்), வயர் மேல் 0.75 அல்லது 1 ஸ்கொயர் எம்எம் என்ற அச்சு, பிளக் சாக்கெட்டில் ஆடாமல் உட்கார்வது. முத்திரையையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். மலிவாக வாங்கிய கார்டு ஒன்றை ஒருமுறை அறுத்துப் பார்த்தேன், எர்த் பின்னுக்கு வயரே இல்லை, பின் மட்டும் கம்பீரமாக நின்றது. அதிலிருந்து, சுவரில் செருகும் முன் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, பெரிய பின்னிலிருந்து ஆம்ப் பக்கத்து நடு ஓட்டைக்கு பீப் வருகிறதா என்று பார்த்துவிடுவேன். உங்கள் ஆம்ப்பில் எட்டு வடிவ இரண்டு பின் இன்லெட் இருந்து, பின்னால் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது எர்த் தேவையில்லாத டபுள் இன்சுலேஷன் கருவி. அதோடு வந்த கார்டே போதும்.

எல்லா இன்புட் வயரையும் கழற்றிய பிறகும் ஹம் அப்படியே இருந்தால், கார்டும் இல்லை எர்த்தும் இல்லை. கரண்டு போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது இன்வெர்ட்டரின் குணம். எப்போதும் இருந்தால் ஆம்ப்பின் பவர் சப்ளை கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.