கால்நடை மருத்துவம் படிப்பவருக்குக் கணக்கு வழக்கு எதற்கு?

கேள்வி: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். படிப்பு முடிந்ததும் கோவையில் சொந்தமாக ஒரு கிளினிக் தொடங்க ஆசை. அரசு வேலைக்குத் தயாராகு என்கிறார் அப்பா. சீனியர்களோ, "மருத்துவம் மட்டும் தெரிந்தால் பிழைக்க முடியாது, வரவு செலவும் நிர்வாகமும் கற்றுக்கொள்" என்கிறார்கள். பாடத்துக்கே நேரம் போதவில்லை. இதை இப்போதே படிக்கத்தான் வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இப்போதே தொடங்குங்கள். கிளினிக் வைக்கும் எண்ணம் நாளைக்கு மாறினாலும் இது வீண் போகாது. நம் தொழிலில் பணம் சிகிச்சைக்கு வெளியே நிற்பதில்லை. மனிதர்களுக்கு இருப்பதுபோல அரசுக் காப்பீட்டு அட்டை நாய்க்கும் பூனைக்கும் கிடையாது. எந்தப் பரிசோதனை, எந்த மருந்து, எத்தனை நாள் என்று நாம் எழுதும் ஒவ்வொன்றுக்கும் எதிரே நிற்பவர் தன் பையிலிருந்துதான் தர வேண்டும்.

பார்வோ (நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) வந்த குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி, ரத்தக் கழிச்சல், உடம்பில் நீரே இல்லை. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, நான்கைந்து நாள் தாங்கிப் பிடித்தால் பல குட்டிகள் எழுந்துவிடும். முதல் நாள் பதற்றத்தில் செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டாம் நாள் மாலை பில்லைப் பார்த்ததும் உரிமையாளர் முகம் மாறும். மூன்றாம் நாள் வரமாட்டார். பாதியில் நின்ற சிகிச்சையில் குட்டி போய்விடும், செலவழித்த பணமும் போய்விடும். "டாக்டர் சரியில்லை" என்ற பேச்சு மட்டும் தெருவில் மிஞ்சும்.

இதைத் தவிர்க்க முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: "இது குறைந்தது நான்கு நாள் வைத்தியம். ஒரு நாளைக்கு இவ்வளவு ஆகும். பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, உறுதி தர முடியாது. முழுதாகச் செய்ய முடியாவிட்டால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய குறைந்த செலவு வழி ஒன்று உண்டு, அதில் வாய்ப்பு குறைவு. எது உங்களுக்குத் தோதுப்படும்?" இதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகு ஊசியை எடுங்கள். குரல் தடுமாறாமல் இப்படிப் பேசப் பழக்கம் வேண்டும். அமெரிக்க கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2018-ல் வெளியிட்ட தகுதிப் பட்டியலில், நோயறிதல், தகவல் தொடர்பு ஆகியவற்றோடு நிதி, கிளினிக் நிர்வாகம் என்பதையும் ஒரு தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே அது பட்டதாரிக்கு இருக்க வேண்டிய திறன்.

அடுத்தது கட்டணம். புதிதாகக் கிளினிக் தொடங்கும் பலர் பக்கத்துக் கிளினிக்கில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதில் ஐம்பது ரூபாய் குறைத்துப் பலகை வைக்கிறார்கள். பக்கத்துக் கிளினிக் சொந்தக் கட்டடமாக இருக்கலாம், கடன் முடிந்த இயந்திரங்களாக இருக்கலாம். உங்கள் கணக்கு வேறு. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வாடகை 25,000. உதவியாளர் இருவருக்குச் சம்பளம் 30,000. மின்சாரம் 8,000. இயந்திரங்களுக்கு வாங்கிய 10 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டு தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 21,700. மருத்துவக் கழிவு, பழுது, தொலைபேசி, சுத்தம் என்று 10,000. உங்கள் சம்பளம் 50,000. இந்தக் கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை, கட்டாயம் எழுதுங்கள். மொத்தம் சுமார் 1,45,000. மாதம் 25 நாள் திறந்தால் ஒரு நாளைக்கு 5,800 ரூபாய் நின்றாக வேண்டும்.

கட்டணம் 300 ரூபாய், அதில் கையுறை, சிரிஞ்சு, பஞ்சு வகையறாவுக்கு 60 போனால் மிச்சம் 240. அப்படியானால் தினமும் 25 பேராவது வர வேண்டும். பரிசோதனை, தடுப்பூசி, சிறு அறுவை எல்லாம் சேர்த்து ஒருவரிடமிருந்து சராசரியாக 450 நின்றால் 13 பேர் போதும். புதுக் கிளினிக்குக்கு முதல் மாதங்களில் இந்தக் கூட்டம் வந்துவிடாது. அதனால்தான் இயந்திரக் கடனோடு, குறைந்தது ஆறு மாதச் செலவையாவது கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கச் சொல்கிறேன். நல்ல மருத்துவர் என்று பெயர் வாங்கியும் ஓராண்டில் மூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கைத்திறன் குறைவில்லை, ஏழாவது மாத வாடகைக்குப் பணமில்லை.

இயந்திரம் வாங்கும்போதும் இதே கணக்குதான். ஸ்கேன் இயந்திரம் வேண்டும் என்று மனம் சொல்லும். மாதம் எத்தனை ஸ்கேன் எடுத்தால் அதன் தவணை அடையும், அத்தனை பேர் உண்மையில் வருவார்களா, அதுவரை பக்கத்து மையத்துக்கு அனுப்பினால் என்ன என்று எழுதிப் பாருங்கள். மருந்துக் கையிருப்பையும் கவனியுங்கள். பெரிய ஆர்டருக்குத் தள்ளுபடி தருகிறார்கள் என்று வாங்கிக் குவித்த தடுப்பூசிகள் குளிர்பெட்டியில் காலாவதியாகிக் கிடந்தால் அந்தத் தள்ளுபடியால் என்ன பயன்? 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசிக்கு மாற்று மின்சாரம் இல்லாவிட்டால் ஒரே இரவில் மொத்த முதலும் கெட்டுப்போகும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நிறையப் பேருக்குக் குழப்பம். கால்நடை மருத்துவமனை தரும் உடல்நலச் சேவைக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் நீங்கள் விற்கும் நாய் உணவு, ஷாம்பு, கழுத்துப்பட்டை, முடி வெட்டிக் குளிப்பாட்டும் சேவை ஆகியவற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கும்போது விலக்குள்ள கட்டணமும் அந்தக் கூட்டலில் சேரும். மருத்துவக் கட்டணம் 16 லட்சம், நாய் உணவு விற்பனை 5 லட்சம் என்றால் மொத்தம் 21 லட்சம். பதிவு எடுத்தாக வேண்டும். "விற்பனை ஐந்து லட்சம்தானே" என்று இருந்துவிட்டுப் பிறகு நோட்டீஸ் வந்து நிற்க வேண்டாம். தொடங்கும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மாநில கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு, மருத்துவக் கழிவு விதிகள் இவற்றையும் அப்போதே முடித்துவிடலாம்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் தவறில்லை. டி.என்.பி.எஸ்.சி. எழுதி உதவி மருத்துவராகப் போனாலும் இந்தப் படிப்பு உங்களோடு வரும். கால்நடை மருந்தகத்துக்கு மாடு ஓட்டிவரும் விவசாயி நோயின் பெயரைக் கேட்பதைவிட, "இதுக்குச் செலவு பண்ணலாமா, இல்ல வித்துடலாமா?" என்றுதான் கேட்பார். சினைப்பருவம் ஒன்று தவறினால் அடுத்ததற்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பால் வற்றிய மாட்டுக்குத் தினமும் 200 ரூபாய்த் தீவனம் என்றால் அந்த 21 நாளில் 4,200 ரூபாய் வரவில்லாமல் தீவனத்துக்கே போகிறது. இதை விரல் விட்டு எண்ணிக் காட்டினால், கருப்பைப் பரிசோதனைக்கு அவர் தயங்கமாட்டார். மடிநோய்க்கு ஊசி போடும்போது எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும், அதன் விலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருந்து கலந்த அந்தப் பால் விற்பனைக் கேனுக்குத்தான் போகும். கால்நடைக் காப்பீட்டுக்கு மதிப்பீடும் உடல்நலச் சான்றும் தருவதும், மாடு இறந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதுவதும் நாம்தான். நம் கையெழுத்தில் ஒரு குடும்பத்தின் முதலீடு இருக்கிறது.

நீங்கள் நாமக்கல்லில் இருப்பதால் கோழிப் பண்ணையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும். 50,000 கோழிகள் உள்ள பண்ணையில் ஒரு கோழிக்கு மூன்று கிராம் கூடுதலாகப் போனால் தினமும் 150 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,35,000 ரூபாய். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த மருத்துவரைத்தான் பண்ணைக்காரர் மறுபடி கூப்பிடுவார்.

இலவச சிகிச்சை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள், இது என் மனதுக்கு நெருக்கமான விஷயம். "வாயில்லா ஜீவனுக்குக் காசா?" என்ற கேள்வியை வாரம் ஒருமுறையாவது கேட்பீர்கள். அடிபட்ட தெருநாயைத் தூக்கிவரும் கல்லூரிப் பையனிடம் பணம் கேட்க வாய் வராது, கேட்கவும் வேண்டாம். ஆனால் மாதம் இவ்வளவு தொகை இதற்கு என்று தனியாக ஒதுக்கி, பில்லில் முழுத் தொகையையும் போட்டு, தள்ளுபடி என்று எழுதிக் கழியுங்கள். கூச்சத்தால் காரில் வந்தவருக்கும் குறைத்துக்கொண்டே போனால், உண்மையில் இல்லாதவர் வரும்போது உதவ உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இனி எங்கே தொடங்குவது. தடித்த புத்தகம் வேண்டாம். உங்கள் சொந்தச் செலவை மூன்று மாதம் எழுதுங்கள். உங்கள் பாடத்திட்டத்தில் வரும் கால்நடைப் பொருளாதாரம், சந்தைப்படுத்தல் பகுதிகளை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துத் தள்ளாதீர்கள். பயிற்சிக் காலத்தில் தனியார் கிளினிக்குக்கோ பண்ணைக்கோ போகும்போது, ஒரு நாளாவது மருத்துவர் பக்கம் நிற்காமல் பில் போடும் மேசையில் உட்காருங்கள். எதில் பணம் நிற்கிறது, எதில் கரைகிறது, யார் பேரம் பேசுகிறார்கள், அதற்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்று அங்கேதான் தெரியும்.

படிப்பு முடிந்ததும் வேளாண் பட்டதாரிகள் சொந்தத் தொழில் தொடங்க உதவும் மத்திய அரசின் அக்ரி கிளினிக் திட்டத்தைப் பாருங்கள். 2002-லிருந்து நடக்கிறது. கால்நடை மருத்துவப் பட்டதாரிகளும் சேரலாம். 45 நாள் இலவசப் பயிற்சி, அதன்பின் தனிநபருக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடன், அதில் பொதுப்பிரிவினருக்கு 36 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 44 சதவீதமும் மானியம். மானியம் முதலிலேயே கைக்கு வராது, கடன் கணக்கில்தான் பின்னால் கழியும். ஆகவே அதை நம்பி வாடகை முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். விவசாயிகளுக்கான சேவையை முன்னிறுத்தும் திட்டம் என்பதால், நாய் பூனையோடு ஆடு மாடும் பார்க்கும் கிளினிக்காகத் திட்ட அறிக்கை எழுதினால் வங்கியில் பேசுவது எளிது. கோவையின் புறநகர் அதற்கு நல்ல இடம். அன்னூர், சூலூர் பக்கம் ஒரு சுற்றுப் போய், மாடு வைத்திருப்பவர்கள் இப்போது யாரைக் கூப்பிடுகிறார்கள், இரவில் கூப்பிட்டால் யார் வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.